பழைய மாஸிக்கு எந்தப் பெயிண்ட்: எனாமலா, என்.சி.யா, பி.யு.வா?

பானெட்டில் கையை வைத்துத் தடவினேன். உள்ளங்கை முழுக்க ரோஸ் நிறப் பொடி. ஒரு காலத்தில் அது சிவப்பு. சேலம் மாவட்டம் வாழப்பாடிப் பக்கம் சித்தப்பா தோட்டத்தில், கூரைத் தகரம் பாதி பறந்துபோன கொட்டகையில், ஆறு வருஷம் அசையாமல் நின்ற மாஸி ஃபெர்குசன் 1035 டிராக்டர். இஞ்சின் வேலை முடிந்து வண்டி ஸ்டார்ட் ஆகிவிட்டது. மிச்சம் பெயிண்ட் வேலைதான்: எனாமலா, என்.சி. என்கிற நைட்ரோசெல்லுலோஸா, பி.யு. என்கிற பாலியூரித்தேனா?

சித்தப்பாவுக்கு இதில் யோசிக்க ஒன்றும் இல்லை. "நாலு லிட்டர் எனாமல் வாங்கியாந்து பிரஷ்ல இழுத்து விடு. குச்சிக்கிழங்கு ஏத்தப் போற வண்டிக்கு என்னத்துக்குடா கண்ணாடிப் பளபளப்பு?" என்றார். சூரமங்கலத்தில் கார்களுக்குப் பெயிண்ட் அடிக்கும் அண்ணனோ, "பி.யு. தவிர வேற எதையும் தொடாதீங்க தம்பி, அப்புறம் வருத்தப்படுவீங்க" என்றார். இரண்டு பேர் சொன்னதும் சரிதான். ஒரே வண்டியின் வேறு வேறு பாகங்களுக்குச் சரி. இது புரிய எனக்கு ஒரு பானெட் பெயிண்ட் வீணாயிற்று. அந்தக் கதை பிறகு.

முதலில், வண்டியில் இப்போது இருக்கும் பெயிண்ட் எது என்று தெரிந்துகொள்ளுங்கள். வெள்ளைத் துணியில் என்.சி. தின்னரை நனைத்து, மறைவான இடத்தில் அரை நிமிடம் அழுத்தித் தேய்த்தால் போதும். நிறம் கரைந்து துணிக்கு வந்துவிட்டால் என்.சி. கரையாமல் தோல் மாதிரி சுருங்கி எழுந்தால் எனாமல். ஒன்றுமே ஆகாவிட்டால் யாரோ ஏற்கெனவே பி.யு. அடித்திருக்கிறார்கள். எங்கள் வண்டியில் பானெட் சுருங்கியது, இடது மட்கார்டு கரைந்தது. நடுவில் யாரோ ஒட்டுப்போட்டிருக்கிறார்கள், சித்தப்பாவுக்கே நினைவில்லை.

கையில் ஒட்டிய ரோஸ் பொடி எனாமலின் வழக்கமான முடிவு. பெயிண்ட்டில் நிறப்பொடியைப் பிடித்து வைத்திருப்பது பிசின். வெயிலின் புற ஊதாக் கதிர் அந்தப் பிசினை மேலிருந்து அரித்துக்கொண்டே வரும். பிடி விட்டுப்போன பொடி மேலே சுண்ணாம்பு மாதிரி நிற்கும். சேலத்துச் சித்திரை வெயிலில் கொட்டகைக்கு வெளியே நிற்கும் சிவப்பு வண்டிக்கு இது மற்ற நிறங்களைவிடச் சீக்கிரம் கண்ணில் படும்.

அப்படியானால் எனாமலை ஒதுக்கிவிடலாமா? அவசரப்பட வேண்டாம். சிந்தெடிக் எனாமல் கிராமத்து ஹார்டுவேர் கடை வரை கிடைக்கும், விலை குறைவு, டர்பென்டைன் கலந்து பிரஷ்ஷிலும் அடிக்கலாம், ஸ்ப்ரே கன்னிலும் அடிக்கலாம். கொஞ்சம் சொரசொரப்பான வார்ப்பு இரும்பிலும் நன்றாகப் பிடிக்கும். ஒரு இடத்தில் பெயர்ந்தால் மறுநாள் காலையில் அதே டப்பாவைத் திறந்து ஒரு இழுப்பு இழுத்துவிட்டு வேலைக்குப் போகலாம். உழைக்கிற வண்டிக்கு இந்தக் கடைசிக் காரணம் ஒன்றே பெரிது.

அதன் சிக்கல் காய்வதில். டர்பென்டைன் ஆவியாகிப் போனாலும் எனாமல் காய்ந்து முடிவதில்லை, காற்றின் ஆக்ஸிஜனை இழுத்துக்கொண்டு மெதுவாகத்தான் இறுகும். தொட்டால் ஒட்டாமலிருக்க நாலைந்து மணி நேரம், அடுத்த கோட் அடிக்க ஒரு ராத்திரி, உள்வரை இறுகச் சில வாரம். இந்தக் கடைசி விஷயத்தை யாரும் சொல்வதில்லை. எங்கள் ஊரில் ஒருவர் ஆயுத பூஜைக்குள் முடித்தாக வேண்டும் என்று அவசரமாக எனாமல் அடித்து, ஒன்பதாம் நாள் வாழைக்கன்றைக் கட்டி, பானெட்டில் மாலை நிற்பதற்காக அகல செல்லோடேப் ஒட்டினார். மறுநாள் டேப்பைப் பிரித்தபோது இரண்டு விரல் அகலத்துக்குப் பெயிண்ட்டும் கூடவே வந்துவிட்டது. சந்தனம் வைத்த இடமெல்லாம் வட்ட வட்டமாக மங்கல். ஆயுத பூஜை உங்கள் இலக்கு என்றால் ஆவணியிலேயே அடித்து முடியுங்கள்.

இன்னொன்று டீசல். 1035-ல் டேங்க் பானெட்டுக்கு அடியில் இருக்கிறது, டீசல் ஊற்றும் வாயும் மேலேதான். கேனில் ஊற்றும்போது சிந்தாமல் ஊற்றுகிறவர்கள் எனக்குத் தெரிந்து யாரும் இல்லை. எனாமலில் டீசல் திரும்பத் திரும்பச் சிந்தினால் அந்த இடம் மினுக்கம் போய் மெத்தென்று ஆகும்.

அடுத்தது என்.சி., அதாவது நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர். பழைய பெயிண்டர்கள் டூகோ என்பார்கள். டூபாண்ட் கம்பெனி 1920-களில் வைத்த பெயர் அது, நம் ஊர்ப் பட்டறைகளில் அந்த வகைப் பெயிண்ட்டுக்கே பெயராகிவிட்டது. இது வெறும் ஆவியாதலில் காயும். பத்துப் பதினைந்து நிமிடத்தில் தொடலாம் என்பதால் தூசி உட்கார நேரமில்லை. தப்பு நடந்தால் தேய்த்துவிட்டு உடனே மறுபடி அடிக்கலாம். ஆனால் கோட் மெல்லிசு. ஐந்தாறு கோட் அடித்து, ரப்பிங் காம்பவுண்டு போட்டுத் தேய்த்தால்தான் மினுக்கம் வரும். காய்ந்த பிறகும் தின்னருக்குக் கரையும், பெட்ரோல் பட்டால் மங்கும்.

என்.சி. நம் பகுதிக்கு இரண்டு விதத்தில் ஒத்துவராது, ஒன்று மலையில், இன்னொன்று கீழே. ஏற்காட்டில் காபித் தோட்டம் வைத்திருக்கும் நண்பர், மழைக்காலம் முடியும் முன்பே தன் பழைய ஜீப்புக்குக் கரும்பச்சை என்.சி. அடித்தார். அடித்து முடித்துக் கன்னைக் கழுவிக்கொண்டு வருவதற்குள் கதவு இரண்டும் மோர் தெளித்த மாதிரி வெளுத்துவிட்டன. தின்னர் வேகமாக ஆவியாகும்போது தகரத்தின் மேல்புறம் குளிர்ந்துவிடும். பனிமூட்டம் படிந்த காற்றின் ஈரம் அதன்மேல் நீராகப் படிந்து, காயும் பெயிண்ட்டுக்குள் மாட்டிக்கொள்ளும். மெதுவாக ஆவியாகும் ரிடார்டர் தின்னரைக் கலந்து மேலே ஒரு கோட் அடித்தால் பெரும்பாலும் சரியாகும், அவருக்கும் ஆயிற்று. அதே பெயிண்ட்டைக் கீழே சேலத்தில் ஏப்ரல் நடுப்பகலில் அடித்தால் நடப்பது நேரெதிர்: கன்னிலிருந்து கிளம்பிய துளி தகரத்தை அடைவதற்குள் பாதி காய்ந்து, உப்புத்தாள் மாதிரி சொரசொரப்பாக உட்காரும். காம்பவுண்டு போட்டுத் தேய்க்கும் பொறுமையும் கொட்டகையில் பூட்டி வைக்கும் வண்டியும் இருப்பவர்கள் என்.சி.யை யோசிக்கலாம். எனக்கு இரண்டும் இல்லை.

பி.யு. என்பது இரண்டு டப்பா விஷயம். ஒன்றில் பெயிண்ட், இன்னொன்றில் அதை இறுகவைக்கும் ஹார்டனர். கலந்ததும் வேதிவினை தொடங்கிவிடும், நிறுத்த முடியாது. டப்பாவில் நாலுக்கு ஒன்று, இரண்டுக்கு ஒன்று என்று எது அச்சிட்டிருக்கிறதோ அதை அளவுக் கோப்பையில் அளந்துதான் கலக்க வேண்டும். கண்மதிப்பு கூடாது. ஹார்டனர் கொஞ்சம் கூடினால் சீக்கிரம் காயும் என்று கூட ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள், பிறகு அது நொறுங்கி உதிரும். இறுகிய பி.யு.வை டீசல், யூரியாத் தூசி எதுவும் லேசில் அசைக்காது. வெயிலில் நிறம் நிற்கும் காலமும் எனாமலைவிடப் பல மடங்கு. ஹார்டனர், தனித் தின்னர் எல்லாம் சேர்த்தால் செலவு எனாமலைப் போல இரண்டு மூன்று மடங்கு ஆகும். இந்தக் கணக்கில் கூலி சேரவில்லை.

பி.யு.வில் நான் உண்மையிலேயே பயப்படுவது விலைக்கு அல்ல, ஹார்டனருக்கு. அதிலிருப்பது ஐசோசயனேட். 1984-ல் போபாலில் கசிந்த வாயுவும் ஐசோசயனேட் வகைதான். இது அதைப் போல எளிதில் ஆவியாகிப் பரவாது, ஆனால் கன்னில் புகையாகத் தெளிக்கும்போது மூச்சோடு நேராக உள்ளே போகும். ஒருமுறை உடம்பு அதற்கு ஒவ்வாமை கொண்டுவிட்டால், பிறகு சிறிதளவு பட்டாலே ஆஸ்துமா மாதிரி இழுப்பு வரும், அது திரும்பப் போகாது. வாயில் கர்சீப் கட்டிக்கொண்டு பி.யு. அடிக்கும் பையன்களை எத்தனை பட்டறையில் பார்த்திருக்கிறோம்! துணியோ கொரோனா காலத்து முகக்கவசமோ இதற்கு ஒரு பயனும் இல்லை. வெளியிலிருந்து குழாய் வழியாக நல்ல காற்று வரும் முகமூடி வேண்டும். அது இல்லாதவர் வீட்டுக் கொட்டகையில் பி.யு. ஸ்ப்ரே செய்யக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம். முகமூடியும் அறையும் வைத்திருக்கும் பட்டறையில் கொடுத்து அடித்துக்கொள்ளலாம்.

பவுடர் கோட்டிங்கையும் சிலர் சொன்னார்கள். கிரில், கேட், இரும்புக் கட்டில் செய்கிறவர்களுக்குப் பழக்கமானது. மின்னேற்றிய பொடியைத் தூவி, 180 முதல் 200 டிகிரி வரை சூளையில் வைத்து உருக்குவார்கள். தனியாகக் கழற்றிய ரிம்முக்கு அருமை. பள்ளத்தை நிரப்பப் பட்டி பார்த்த தகரத்துக்கு ஆகாது, அந்தச் சூட்டில் பட்டி தாங்காது. ஆயில் சீல், பேரிங் உள்ள எதையும் சூளையில் வைக்கவே முடியாது.

இப்போது வீணாய்ப் போன பானெட்டின் கதை. பழைய பெயிண்ட்டை உரித்ததும் தகரம் துருப்பிடித்துவிடுமே என்ற பதற்றத்தில், கடையில் கைக்கு முதலில் கிடைத்த ரெட் ஆக்சைடு பிரைமரை அடித்துவிட்டேன். பத்து நாள் கழித்து ஒரு பட்டறையில் பானெட்டைக் கொடுத்து பி.யு. அடிக்கச் சொன்னேன். அடியில் என்ன பிரைமர் என்று அவர்கள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. முதல் கோட் ஈரமாக உட்கார்ந்து கண்ணாடி மாதிரி மின்னியது. அஞ்சு நிமிடத்தில் ஓரத்தில் ஒரு சுருக்கம். பார்த்துக்கொண்டிருக்கும்போதே, காய்ச்சின பால் ஆறும்போது ஆடை சுருங்குமே, அப்படிப் பானெட் முழுக்கச் சுருங்கி எழுந்தது. பட்டறைக்காரர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். மறுபடி தகரம் தெரியும் வரை உரித்தோம்.

காரணம் எளிது. சாதாரண ரெட் ஆக்சைடும் எனாமல் மாதிரி ஆல்கைட் பிசின்தான், அதுவும் மெதுவாகத்தான் இறுகும். என்.சி. தின்னரும் பி.யு. தின்னரும் காட்டமானவை. பாதி இறுகிய பிரைமருக்குள் ஊறி அதை ஊதவைத்துத் தூக்கிவிடும். ஆகவே மேல் கோட் எது என்று முடிவு செய்யாமல் அடிக்கோட்டைத் தொடாதீர்கள். எனாமல் அடிப்பதானால் ரெட் ஆக்சைடு போதும். பி.யு. என்றால் இரண்டு டப்பா எபாக்ஸி பிரைமர். எபாக்ஸி மேல் எனாமலும் நிற்கும், பி.யு.வும் நிற்கும், பட்டியும் பார்க்கலாம். இன்னும் முடிவுக்கு வராதவர்களுக்கு அதுதான் பாதுகாப்பு. டப்பாவில் போட்டிருக்கும் நேரத்துக்குள் மேல் கோட் அடிக்காவிட்டால் எபாக்ஸியை உப்புத்தாளால் தேய்த்துவிட்டுத்தான் தொடர வேண்டும். துருவுக்கு ஆசிட் கலந்த ரஸ்ட் கன்வெர்ட்டர் போட்டிருந்தால் நன்றாகக் கழுவிக் காயவைத்த பிறகே எபாக்ஸி, இல்லாவிட்டால் அது பிடிக்காது.

இஞ்சினும் கியர்பாக்ஸும் வேறு உலகம். அங்கே வெயில் எதிரியில்லை, ஆயில்தான் எதிரி. பின் ஆக்சில், ஹைட்ராலிக் மூடி, கியர்பாக்ஸ் சேருமிடம் ஆகியவற்றில் முப்பது வருஷத்து ஆயிலும் மண்ணும் சேர்ந்து தார் மாதிரி இறுகியிருந்தது. பட்டி கத்தியால் சுரண்டினோம், டீசலில் ஊறவைத்துத் தேய்த்தோம், பிறகு சோப்புத்தூள் வெந்நீர், கடைசியில் தின்னர் துணி. துணி வெள்ளையாகவே திரும்பி வரும் வரை. ஒழுகும் சீலை மாற்றாமல் மேலே எந்தப் பெயிண்ட் அடித்தாலும் காசு தண்டம். இந்த மேடுபள்ளத்துக்கும் போல்ட் இடுக்குக்கும் பிரஷ்தான் நல்லது, கன்னின் காற்று மூலைக்குள் போகாமல் திரும்பிவிடும். பிரஷ் கோடு தெரியுமே என்றால், கியர்பாக்ஸை யார் குனிந்து பார்க்கப் போகிறார்கள்? ஆகவே வார்ப்பு இரும்பு முழுக்க ரெட் ஆக்சைடும் சாம்பல் எனாமலும் பிரஷ்ஷில். சித்தப்பா சொன்னது இங்கே நூற்றுக்கு நூறு சரி. பானெட், மட்கார்டு, டேஷ்போர்டுத் தகரம் மட்டும் எபாக்ஸியும் பி.யு.வும், பட்டறையில். ரிம் இரண்டு ஜோடியும் பவுடர் கோட்டிங்குக்குப் போயின. சைலன்சருக்குத் தனியாகச் சூடு தாங்கும் அலுமினியப் பெயிண்ட். மற்ற எதை அடித்தாலும் முதல் உழவிலேயே கருகிவிடும்.

உரிப்பதற்கு மணல் அடித்தல் வேகமானதுதான். ஆனால் பானெட் போன்ற மெல்லிய, அகலத் தகரத்தில் அழுத்தி அடித்தால் தகரம் அலை அலையாக நெளிந்துவிடும். ரிம்முக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பழைய பெயிண்ட்டில் ஈயம் இருக்கலாம். 2016-ல் வந்த விதியில் வீட்டுப் பெயிண்ட்டுக்குத்தான் 90 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 90 பங்கு) என்று வரம்பு வைத்தார்கள், வண்டிப் பெயிண்ட் அதில் சேராது. உலர்ந்த நிலையில் கிரைண்டர் வைத்துப் புழுதி கிளப்பாமல் பெயிண்ட் ரிமூவரோ, தண்ணீர் விட்டு வாட்டர் பேப்பரோ போடுங்கள், குழந்தைகளைக் கிட்டே விடாதீர்கள். சேஸிஸ் நம்பர் பொறித்த இடத்தில் கிரைண்டரும் வேண்டாம், பட்டியும் வேண்டாம். நம்பர் படிக்க முடியாமல் போனால் வண்டியை விற்கும்போது தலைவலி.

நிறத்துக்கு வருவோம். மாஸியின் சிவப்பும் சாம்பலும் வந்த வழி சுவாரஸ்யமானது. ஃபெர்குசன் வண்டிகள் சாம்பல், கனடாவின் மாஸி-ஹாரிஸ் வண்டிகள் சிவப்பு. 1953-ல் இரண்டும் ஒன்றாகி, 1958-ல் பெயர் மாஸி ஃபெர்குசன் என்று சுருங்கியது. 1960-ல் சென்னையில் தொடங்கிய டாஃபே கம்பெனி அந்த வண்டிகளை இங்கே செய்தது. எங்கள் கொட்டகையில் நிற்பதும் அதே இரண்டு நிறம்தான். செவ்வாய்பேட்டைக் கடையில் "மாஸி சிவப்பு" என்று கேட்டதும் சிக்னல் ரெட் டப்பாவை எடுத்து வைத்தார்கள். வெளியே வெயிலில் வைத்துப் பார்த்தால் எங்கள் வண்டிக்கு அது பொருந்தவில்லை. உண்மையான நிறம் வெயில் படாத இடத்தில்தான் ஒளிந்திருக்கும்: பேட்டரித் தட்டுக்கு அடியில், டேஷ்போர்டின் பின்புறம், பெயர்ப்பட்டையைக் கழற்றினால் அதற்குக் கீழே. அங்கே காம்பவுண்டு போட்டுத் துடைத்து, அந்தத் துண்டையே கம்ப்யூட்டரில் நிறம் பார்த்துக் கலக்கும் கடைக்குக் கொண்டுபோனேன். சிவப்பு அடியை மறைக்காத நிறம் என்பதையும் மனதில் வையுங்கள். கறுத்த பிரைமர் மேல் அடித்தால் மூன்று கோட்டுக்குப் பிறகும் அழுக்குச் சிவப்பாகவே நிற்கும். வெளிர் சாம்பல் பிரைமர் மேல் இரண்டிலேயே பளிச்சென்று வந்துவிட்டது.

எனாமலை நீங்களே கன்னில் அடிப்பதானால்: மேல் கோட்டுக்கு 1.4 மி.மீ. முனை, கெட்டியான பிரைமருக்கு 1.8. தகரத்துக்கும் முனைக்கும் ஒரு சாண் இடைவெளி, ஒவ்வொரு இழுப்பும் முந்தைய இழுப்பின் பாதியை மூட வேண்டும். இழுப்பு தகரத்தின் ஓரத்துக்கு வெளியே தொடங்கி வெளியே முடிய வேண்டும். கையை நடுவில் நிறுத்தினால் அங்கே வடியும். பஞ்சர் கடைக் கம்ப்ரஸரை வாடகைக்கு எடுத்தால் முதலில் டேங்கின் அடித்திருகைத் திறந்து தண்ணீரை வடியுங்கள். எங்களுக்கு அரை லோட்டா வந்தது, துருத் தண்ணீர். அது குழாய் வழியே வந்திருந்தால் பெயிண்ட் முழுக்க அம்மைத் தழும்பு.

நேரம் தை, மாசி நல்லது. காலை எட்டரைக்கு மேல், பனி விலகித் தகரம் கை பொறுக்கும் சூட்டுக்கு வந்த பிறகு தொடங்கிப் பதினொன்றுக்குள் நிறுத்துவது. ஆடியில் ஆரம்பிக்கவே வேண்டாம். அம்மியே பறக்கிற காற்றில் செம்மண் சும்மாவா இருக்கும்? தரையில் தண்ணீர் தெளித்துவிட்டு அடித்தால் புழுதி அடங்கும், இது கார் பெயிண்டர் அண்ணன் சொல்லிக்கொடுத்தது.

மாசியில் வேலை முடிந்தது. பங்குனியில் முதல் லோடு கிழங்கு சேகோ (ஜவ்வரிசி) ஃபேக்டரிக்குப் போய்த் திரும்பியபோது, வலது மட்கார்டு விளிம்பில் டிரெய்லர் சங்கிலி உரசி ஒரு ரூபாய்க் காசு அளவுக்குப் பெயர்ந்திருந்தது. பி.யு. என்பதால் பிரஷ்ஷை எடுத்து இழுத்துவிட முடியவில்லை. மருந்துக்கடை சிரிஞ்சில் எட்டு மில்லி பெயிண்ட், இரண்டு மில்லி ஹார்டனர் என்று எங்கள் டப்பாவின் அளவுப்படி அளந்து, கையுறை போட்டு, வெளித்திண்ணையில் வைத்துக் கலந்து, தீக்குச்சி முனையால் தொட்டு வைத்தேன். சித்தப்பா பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தன் சாம்பல் எனாமல் டப்பாவை எடுத்தார். மூடியை இறுக்கித் தலைகீழாகக் கவிழ்த்து வைத்திருந்ததால் பெயிண்ட் ஆடை அடிப்பக்கம் போயிருந்தது. ஆக்சிலில் சிராய்த்த இடத்தில் ஒரு இழுப்பு இழுத்துவிட்டு, டப்பாவை மறுபடி மூடிக் கவிழ்த்து வைத்தார். என் சிரிஞ்சில் மிச்சமிருந்த சிவப்பு சாயங்காலத்துக்குள் கல்லாகிவிட்டது.